மகளுக்கு ரஷ்யன் வரும், அம்மா; காதுதான் இன்னும் பழகவில்லை

அன்புள்ள அம்மா,

உங்கள் வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை உங்கள் பதற்றம் மட்டும்தான் காதில் விழுந்தது. அடுத்த தடவைதான் விஷயம் பிடிபட்டது. மகள் வோல்கா கரை நகரம் ஒன்றில் மருத்துவம் இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்திருக்கிறாள். ரஷ்ய மொழித் தேர்வில் ஐந்துக்கு ஐந்து வாங்கியவள். ஆனால் ஜூன் மாதம் வார்டுக்கு ‘ப்ராக்திகா’வுக்கு, அதாவது செய்முறைப் பயிற்சிக்குப் போன இடத்தில், ஒரு பாட்டி ஐந்து நிமிடம் பேசியதில் ஒரு வார்த்தைகூடப் புரியாமல் அறைக்கு வந்து அழுதிருக்கிறாள். செப்டம்பரில் மூன்றாம் ஆண்டு தொடங்குகிறது. “இங்கிலீஷ் மீடியம்னுதானே சொன்னாங்க, இப்ப ரஷ்யன் எதுக்கு?” என்று கேட்கிறீர்கள். “ஸ்போக்கன் ரஷ்யன் ஆன்லைன் கோர்ஸ் முப்பதாயிரம் ரூபாயாம், கட்டலாமா?” என்றும் கேட்கிறீர்கள்.

கட்ட வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு இலக்கணம் தெரியும், சொற்கள் தெரியும். இன்னொரு வகுப்பில் அதையே மறுபடி வாங்கத் தேவையில்லை.

இங்கிலீஷ் மீடியம் என்றது பொய்யில்லை. 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதிகளின்படி வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர்களுக்குப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், பாடம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும், அதே கல்லூரியிலேயே 12 மாதம் பயிற்சி மருத்துவராகவும் இருக்க வேண்டும். பாடம் நடத்துபவர் ஆங்கிலத்தில் நடத்துவார். கட்டிலில் படுத்திருக்கும் நோயாளிக்கு அந்த விதி பொருந்தாதே! மூன்றாம் ஆண்டில் வரும் ‘ப்ரொப்பெதேவ்திகா’ என்ற பாடமே நோயாளியிடம் கேட்டு, தொட்டு, தட்டிப் பார்த்து நோயை அறிவதற்கான அடிப்படை. கேட்பதுதான் அதில் முதல் படி. அந்தப் படி ரஷ்யனில்தான் இருக்கிறது.

அப்படியானால் ஐந்து மதிப்பெண் வாங்கியவளுக்கு ஏன் புரியவில்லை? தமிழ் பேசும் நமக்கு இதை விளக்குவது சுலபம். புத்தகத்தில் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று படித்துவிட்டு வரும் வெளிநாட்டுக்காரர், நம் வீட்டு வாசலில் ‘வந்துட்ருக்கேன்’ என்பதைக் கேட்டால் திகைத்துத்தான் நிற்பார். ரஷ்யனில் எழுத்துக்கும் பேச்சுக்கும் நம்முடைய அளவுக்குத் தூரம் இல்லை. ஆனாலும் பேச்சில் சொற்கள் நன்றாகச் சுருங்கிவிடும். வணக்கம் சொல்ல ‘ஸ்த்ராஸ்த்வுய்தியே’ என்று படித்திருப்பாள், வாயில் வருவது ‘ஸ்த்ராஸ்தியே’. ‘இப்போது’ என்பதற்கு ‘சிச்சாஸ்’ படித்திருப்பாள், கேட்பது ‘ஷாஸ்’. ஆயிரத்துக்கு ‘தீசிச்சா’, கடைத்தெருவில் ‘தீஷ்ஷா’. அலெக்சாந்தர் அலெக்சாந்த்ரோவிச் என்ற பெரிய மனிதர் பேச்சில் ‘சான் சானிச்’ ஆகிவிடுவார். பாலுக்கு எழுத்தில் மூன்று ‘ஒ’ உண்டு, மொலொகோ. வாயில் கடைசி ஒன்றுதான் ‘ஓ’வாக நிற்கும், அழுத்தம் விழாத மற்ற இரண்டும் ‘அ’ பக்கம் சாய்ந்து ‘மலகோ’ என்று கேட்கும். இதெல்லாம் கொச்சை இல்லை. படித்தவர், பேராசிரியர் எல்லோரும் பேசுவது இப்படித்தான்.

இதற்கு மேல் நோயாளியின் மொழி என்று ஒன்று தனியாக இருக்கிறது. பாடப்புத்தகத்து நோயாளி ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்று ஒழுங்காகச் சொல்வார். வார்டில் இருக்கும் பாட்டி ‘நோகி குத்யாத்’ என்பார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘கால்கள் ரீங்கரிக்கின்றன’ என்று வரும். நம் ஊரில் ‘கால் குடையுது’ என்பதைப் போல வைத்துக்கொள்ளுங்கள். ‘தவ்லேனியே ஸ்காச்சித்’ என்றால் பிரஷர் குதிக்கிறது, அதாவது ஏறி ஏறி இறங்குகிறது. ‘ஷிவோத் க்ரூத்தித்’ என்றால் வயிற்றை முறுக்குகிறது. பக்கவாட்டில் ‘கோலித்’ என்றால் குத்துகிறது. பிசையுது, கடுக்குது, சுருக்குனு குத்துது, விண்விண்ணுனு தெறிக்குது என்று வலிக்கு இத்தனை பேர் வைத்திருக்கும் வீட்டில் வளர்ந்த பெண் அவள். ரஷ்யரும் வலியை இப்படி வகை பிரித்துத்தான் சொல்வார்கள் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு சின்ன நோட்டில் வலிச் சொற்களை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நம் வீட்டுத் தமிழ்ச் சொல். ஆங்கிலம் வேண்டாம். அந்த நுணுக்கம் ஆங்கிலத்தில் அவளுக்கே கைவராது.

விடுமுறையில் மீதி இருக்கும் ஐந்தாறு வாரத்துக்கு நான் சொல்வது இது. ‘இன்டர்னி’ என்று ஒரு தொலைக்காட்சித் தொடர், 2010 முதல் 2016 வரை ரஷ்யாவில் ஓடியது. மாஸ்கோ மருத்துவமனை ஒன்றில் பயிற்சி மருத்துவர்கள் படும் பாடு. அவர்களில் ஓர் அமெரிக்கரும் இருக்கிறார், ரஷ்யனோடு அவர் தடுமாறுவதைப் பார்த்தால் உங்கள் மகளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருக்கும். அதில் முழு எபிசோடைப் பார்க்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு நிமிடம். சப்டைட்டில் இல்லாமல் மூன்று தடவை கேட்கட்டும். கேட்டதைக் கேட்டபடி எழுதட்டும். பிறகு ரஷ்ய சப்டைட்டில் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எந்த இடத்தில் காது ஏமாந்தது என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் அந்த நடிகர் கூடவே, அவர் வேகத்திலேயே, அவர் ஏற்ற இறக்கத்திலேயே சொல்லிப் பார்க்கட்டும். நாற்பது நிமிடம் ஓடிவிடும். ஆங்கில சப்டைட்டிலை மட்டும் தொடவே கூடாது. கண் ஆங்கிலத்தைப் படிக்க ஆரம்பித்தால் காது படுத்துத் தூங்கிவிடும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்தத் தொடரில் பிரிவுத் தலைவரான மருத்துவர் எல்லோரையும் எடுத்தெறிந்து பேசுவார். அது காதுக்குத்தான், வாய்க்கு இல்லை.

கேட்டபடி எழுதுவதைத் தமிழ் எழுத்தில் எழுத வேண்டாம். நம் பிள்ளைகள் பலர் ரஷ்யச் சொற்களைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள், நான் கண்டிப்பாகத் தடுப்பேன். சிறுநீரகத்துக்கு ஒரு சொல், பீப்பாய்க்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டும் ‘போச்கா’தான். முதலாவது ‘பல்’லில் வரும் ப, இரண்டாவது ‘பயம்’ என்பதில் பலரும் அழுத்திச் சொல்கிற ப. நமக்கு ஒரே எழுத்து, அவர்களுக்கு இரண்டு எழுத்து, இரண்டு பொருள். ரஷ்ய எழுத்திலேயே, காதில் விழுந்த மாதிரி எழுதட்டும். ரஷ்ய இளைஞர்கள் போனில் மெசேஜ் அனுப்பும்போது அப்படித்தான் ‘ஷாஸ்’ என்று எழுதுகிறார்கள்.

அழுத்தமும் அப்படித்தான். சொல்லில் எந்த அசையை அழுத்திச் சொல்கிறோம் என்பதால் தமிழில் பொருள் மாறுவதில்லை, அதனால் நம் காது அதைக் கவனிப்பதே இல்லை. ரஷ்யனில் ‘பிசாத்’ என்று பின்னசையை அழுத்தினால் எழுதுவது, முன்னசையை அழுத்தி ‘பீசத்’ என்றால் சிறுநீர் கழிப்பது. வார்டில் தினமும் தேவைப்படும் இரண்டு சொற்கள். புதுச்சொல் எது கற்றாலும் அழுத்தக் குறியோடு கற்க வேண்டும். நமக்கு ஒரு லாபமும் இருக்கிறது. ஆங்கிலம் பேசுபவர்கள் வருஷக்கணக்கில் திணறும் ஒரு ரஷ்ய உயிரெழுத்து, நம் குற்றியலுகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ‘காசு’, ‘பட்டு’ என்று உதடு குவிக்காமல் முடிக்கிறோமே, அங்கிருந்து ஒரு நூல் தள்ளினால் வந்துவிடும்.

தொடர் கடினமாக இருக்கும் நாட்களில் குழந்தைகள் நிகழ்ச்சி பார்க்கட்டும். 1964-இலிருந்து ரஷ்யக் குழந்தைகளைத் தூங்கவைக்கும் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, பெயரே ‘குட்டிகளே, இனிய இரவு’. நிதானமான, தெளிவான பேச்சு. அதைக் கேட்டு வளராத ரஷ்யரைக் காண்பது அரிது. அவளுடைய வார்டு நர்ஸுகளும் அதைப் பார்த்துத் தூங்கியவர்களாகத்தான் இருப்பார்கள், பேச ஒரு பொதுவிஷயம் கிடைக்கும். பழைய ரஷ்யப் படங்களை மொஸ்ஃபில்ம் என்ற சினிமா நிறுவனமே யூடியூபில் இலவசமாகப் போட்டிருக்கிறது. 2024-இலிருந்து ரஷ்யாவுக்குள் யூடியூப் சரியாக ஓடுவதில்லை. எனவே அதையெல்லாம் இங்கே இருக்கும்போதே பார்த்துக்கொள்ளட்டும். அங்கே போனால் ரூட்யூப், வி.கே. வீடியோ என்று ரஷ்யாவின் சொந்த வீடியோ தளங்கள் இரண்டு இருக்கின்றன.

இனி சொல்வது கொஞ்சம் சங்கடமான விஷயம். உங்கள் மகள் இரண்டு வருஷமாக ரஷ்யாவில் இருந்தாளா என்று கேட்டால், முழுவதும் இல்லை என்பேன். அறையில் மூன்று தமிழ்ப் பெண்கள், சாப்பாடு இந்திய மெஸ், வகுப்பு ஆங்கிலத்தில், இரவு இரண்டு மணி நேரம் வீட்டோடு போன். வெளியே மட்டும் பனி பெய்திருக்கிறது. குளிரும் தனிமையும் சேர்ந்தால் யாரும் அப்படித்தான் ஒண்டிக்கொள்வார்கள், அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் மொழி கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

பெரிய முயற்சி ஒன்றும் தேவையில்லை. கடையில் கேஷியர் தலை நிமிராமல் ‘கார்த்தா யேஸ்த்? பகேத் நூஷென்?’ என்று ஒரே மூச்சில் கேட்பார். கார்டு இருக்கிறதா, பை வேண்டுமா என்பதுதான். நான் ஆலோசனை சொன்ன ஒரு மாணவன் எட்டு மாதமாக எல்லாவற்றுக்கும் ‘தா, தா’ என்று தலையாட்டி, ஒவ்வொரு தடவையும் ஒரு பை வாங்கி வந்தவன். அந்த ஒரு வாக்கியம் காதில் பிரிந்து விழுந்த நாளில் எனக்கு இரவு பதினொரு மணிக்குப் போன் செய்தான். அடுத்தது பாலிகிளினிக். அங்கே டாக்டர் அறை வாசலில் வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே வருகிறவர் ‘க்தோ பஸ்லேத்னி?’ என்று கேட்க வேண்டும், கடைசி ஆள் யார் என்று. ஒருவர் கை தூக்குவார். ‘யா ஸ வாமி’, உங்களுக்குப் பின்னால் நான். இப்போது அவளும் வரிசையில் ஓர் ஆள். அந்தப் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் பாட்டிகள் தங்கள் முட்டிவலி, பேரன், மாத்திரை விலை எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடுவார்கள். முப்பதாயிரம் ரூபாய் வகுப்பில் இது கிடைக்காது.

பாட்டி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, இது முக்கியம். வயதானவரைப் பார்த்தால் ‘பாட்டி’ என்று கூப்பிடுவது நமக்கு மரியாதை, பாசம். அதையே ரஷ்யனில் ‘பாபுஷ்கா’ என்று சொன்னால் நோயாளிகள் பலருக்கு மனம் சுருங்கும். அவர் தன் பேரனுக்குத்தான் பாபுஷ்கா. மருத்துவர், பேர் சொல்லி, கூடவே தகப்பன் பேரிலிருந்து வரும் பேரையும் சேர்த்து, ‘நீனா பெத்ரோவ்னா’ என்பதுபோல் அழைக்க வேண்டும். கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும், உள்ளே போகும் முன் பார்த்துக்கொள்ளட்டும். ‘நீங்கள்’ என்பதற்கு ‘வி’, ‘நீ’ என்பதற்கு ‘தி’. அந்த வேறுபாடு நமக்குப் புதிதில்லை. முன்பின் தெரியாதவர்கள் சிரிக்காமல் பார்ப்பார்கள், அது கோபம் இல்லை. சரியான பேரில் அழைத்து, ‘நா ஷ்தோ ஷாலுயித்யெஸ்’, என்ன தொந்தரவு என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக இருந்தால், அந்த முகம் இளகுவதை அவளே பார்ப்பாள். புரியாவிட்டால் ‘இன்னொரு தடவை, மெதுவாக’ என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். புரிந்த மாதிரி தலையாட்டுவதுதான் மருத்துவத்தில் ஆபத்து.

ரஷ்யத் தோழி ஒருத்தியாவது வேண்டும். குளித்துவிட்டு வந்தால் ‘ஸ் லோஹ்கிம் பாரம்’ என்பார்கள், நீராவி லேசாக இருக்கட்டும் என்று வாழ்த்து. தேர்வுக்குப் போகும்போது ‘நீ பூஹா, நீ பிரா’, ரோமமும் கிடைக்காமல் இறகும் கிடைக்காமல் போகட்டும் என்பார்கள். வேட்டைக்காரர்கள் கண்ணேறு படாமலிருக்கச் சொன்ன பேச்சு என்பார்கள். அதற்கு நன்றி சொல்லக் கூடாது, ‘க் சோர்த்து’, பிசாசுகிட்டப் போ என்று பதில் சொல்ல வேண்டும். கண்ணேறு கழிக்கும் நம் வீட்டுப் பெண்ணுக்கு இதைப் புரிந்துகொள்ளக் கஷ்டமா என்ன?

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் தன் அதிகாரிகளுக்கு ரஷ்யன் கற்பிக்க 44 வாரம், சுமார் 1,100 வகுப்பு மணி என்று கணக்கு வைத்திருக்கிறது. தமிழையும் அதே வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் மகள் அதில் பாதித் தூரம் கடந்தவள். ஒரு பருவம் காதைத் திறந்து வைத்தால் குளிர்காலத் தேர்வுக்குள் வித்தியாசம் தெரியும்.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. போனைக் குறைக்கச் சொல்ல மாட்டேன், அவளுக்கு அது வேண்டும். ஆனால் ‘சாப்பிட்டியா’ முடிந்ததும், “இன்னைக்கு வார்டுல என்ன சொன்னாங்க?” என்று கேளுங்கள். நோயாளி சொன்ன வார்த்தையை அவள் ரஷ்யனில் சொல்லிக் காட்டட்டும், உங்களுக்குத் தமிழில் விளக்கட்டும். அதற்கு நம் ஊரில் எப்படிச் சொல்வோம் என்று நீங்கள் எடுத்துக் கொடுங்கள். அந்த நோட்டில் வலது பக்கம் உங்கள் சொற்களால் நிரம்பட்டும்.

செப்டம்பர் கடைசியில் எனக்கு மறுபடி ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். அதில் மகளும் பேசட்டும், வார்டில் கேட்ட ஒரு வாக்கியத்தை அந்தப் பாட்டி சொன்ன வேகத்திலேயே.