டீசல் காரின் கரி வடிகட்டி அடைத்தால் செலவு யார் தலையில்?

கேள்வி: குலசேகரத்தில் இருக்கிறேன். வீட்டு உபயோகத்துக்குப் புது டீசல் கார் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. தினமும் மார்த்தாண்டம் போய் வருவதுதான் ஓட்டம். டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு திரும்பத் திரும்ப எரிகிறது. இரண்டு முறை சுத்தம் செய்தார்கள். இப்போது ஃபில்டரையே மாற்றணுமாம். "நீங்க ஓட்டுற விதம் சரியில்லை, வாரண்டி கிடையாது" என்கிறார்கள். கம்பெனி மேல் வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் 84-ஆம் பிரிவு வடிவமைப்புக் குறைக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. பலரும் மனுவில் அதைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் பொருளுக்கே வந்த பழுது அதில் சேராது, அதே சட்டத்தின் 2(22)-ஆம் பிரிவு அதை விலக்கிவிடுகிறது. உங்களுக்குக் 'குறைபாடுள்ள பொருள்' என்ற சாதாரணப் புகாரே போதும். 39-ஆம் பிரிவில் பழுது நீக்கம், மாற்று வண்டி, பணத்தைத் திருப்புதல், இழப்பீடு எல்லாம் கேட்கலாம்.

ஷோரூம்காரர் சொல்வது முழுப் பொய்யும் அல்ல. பிடித்த கரியை ஃபில்டர் சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துத் தள்ள வேண்டும். மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்து, எரிந்து முடியும் முன்பே அணைத்தால் அடைக்கத்தான் செய்யும். சரி, இதை விற்கும்போது சொன்னார்களா? கையேட்டில் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். விளக்கு எரிந்ததும் அதில் சொன்னபடி ஓட்டியும் அடைத்தது என்றால் அவர்கள் வாதம் நிற்காது. ஆஸ்திரேலியாவில் 2015 முதல் 2020 வரை விற்ற டொயோட்டா ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகளில், சுமார் 100 கி.மீ. வேகத்தில் தொடர்ந்து ஓட்டியவர்களுக்குத்தான் ஃபில்டர் கோளாறு வந்தது. ஓட்டும் விதம் அல்ல, வடிவமைப்பே குறை என்று அங்கே நீதிமன்றம் சொன்னது. நம் நுகர்வோர் ஆணையத்தை அது கட்டுப்படுத்தாது, வாதத்துக்கு உதவும்.

ஒர்க்‌ஷாப்பில் யாராவது "ஃபில்டரைக் கழற்றி ரீமேப் பண்ணிடலாம்" என்பார்கள், அதாவது ஃபில்டர் இல்லாமலே ஓடும்படி என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது. வேண்டவே வேண்டாம். சாட்சியே போய்விடும், வண்டியை மாற்றியமைத்தீர்கள் என்று கம்பெனியும் கைகழுவிவிடும். கரி அளவு காட்டும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும், ஜாப் கார்டு நகல்களையும் வாங்கி வையுங்கள். 38(2)(c)-இன்படி ஆணையமே பரிசோதனைக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை உங்களையே கட்டச் சொல்லக்கூடும்.

கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டம் என்பதால் நாகர்கோவில் ஆணையத்திலேயே மனு போடலாம். விலை 50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், கெடு 2 வருடம். அவசரத்துக்குப் பணம் கட்டி மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று பில்லிலேயே எழுதி, பழைய ஃபில்டரைத் திரும்பத் தரும்படியும் எழுத்தில் கேளுங்கள்.