விதைக்கு எடுத்து வைக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் எல்லாம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: "என் வயலில் விளைந்ததை நானே விதைக்கக் கூடாதா?" நானும் திருப்பி ஒன்றைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. எந்த விதை, எந்த நாட்டில்?

விதைக் காப்புரிமை, ரகப் பாதுகாப்பு இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் சிலருக்கு வீண் பயம், சிலருக்கு வீண் தைரியம்.

காப்புரிமை கண்டுபிடிப்புக்கு உரியது. ஒரு மரபணு, அதைச் செடிக்குள் புகுத்தும் முறை, சில நாடுகளில் செடியேகூட. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு செல்லும். அமெரிக்காவில் இப்படிக் காப்புரிமை உள்ள விதையை அனுமதி இல்லாமல் மறுபடி விதைக்க முடியாது. சொந்த வயல் என்ற சலுகையெல்லாம் அங்கே இல்லை.

ரகப் பாதுகாப்பு, புது ரகத்தை உருவாக்கியவருக்கு உரியது. யூபோவ் என்கிற சர்வதேச ஒப்பந்தம் 1961-இல் இதற்காகவே வந்தது. அதன் 1978 வடிவம், விற்பதற்காக விதை உற்பத்தி செய்வதைத்தான் தடுத்தது. சொந்த வயலுக்கு எடுத்து வைப்பவரை யாரும் கேட்கவில்லை. 1991-இல் கதை தலைகீழானது. அந்தந்த நாடு விலக்கு கொடுத்தால்தான் எடுத்து வைக்கலாம், அதுவும் 'நியாயமான வரம்புக்குள்'. ஐரோப்பிய ஒன்றியம் குறிப்பிட்ட சில பயிர்களுக்கு மட்டும் அந்த விலக்கைக் கொடுத்தது. 92 டன் தானியம் விளைவிக்கத் தேவையான பரப்புக்கு மேல் சாகுபடி செய்பவர், தானே எடுத்து வைத்த விதைக்கும் ரகத்தை உருவாக்கியவருக்கு ராயல்டி (உரிமைத் தொகை) கட்ட வேண்டும். அதற்குக் கீழே உள்ள சிறு விவசாயிக்கு இல்லை.

இந்தியா யூபோவில் சேரவில்லை. அதன் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு, செடிக்கும் விதைக்கும் காப்புரிமை கிடையாது என்கிறது. புது ரகங்களுக்கு 2001-இல் தனிச் சட்டம் போட்டது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய, உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் ஒப்பந்தம் கேட்பதும் அவ்வளவுதான்: ரகங்களுக்கு ஏதாவது ஒரு பாதுகாப்பு. அது காப்புரிமையாகவே இருக்க வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. "உலக விதி, வேறு வழியில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஹைபிரிட் விதையில் விளைந்ததை மறு போகம் போட்டேன். ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி வந்தது. கம்பெனிக்காரர்கள் விதையை மலடாக்கிவிடுகிறார்களா?

முளைத்து வந்திருக்கிறதே, அப்புறம் எப்படி மலடு! இரண்டு வேறுபட்ட பெற்றோர் வரிசைகளைச் சேர்த்தால் கிடைப்பது ஹைபிரிட். முதல் தலைமுறை ஒரே சீராக வரும். அதன் விதையைப் போட்டால் தாத்தா பாட்டி குணமெல்லாம் பிரிந்து வெளியே வரும், விளைச்சலும் இறங்கும். எடுத்து வைத்தது குற்றமா என்று கேட்டால், ஹைபிரிட் என்பதற்காக மட்டும் குற்றமில்லை. ஆனால் லாபமும் இல்லை. விவசாயியை வருஷா வருஷம் கடைக்கு வரவைக்க இதற்கு வக்கீலும் வேண்டாம், ஒப்பந்தமும் வேண்டாம். எல்லோரும் காப்புரிமையையே திட்டிக்கொண்டிருக்கும்போது இது சத்தமில்லாமல் நடக்கிறது என்பது என் எண்ணம்.

மலட்டு விதைப் பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1998-இல் டெல்டா அண்ட் பைன் லேண்ட் என்ற பருத்தி விதை நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் சேர்ந்து அப்படி ஒரு தொழில்நுட்பத்துக்குக் காப்புரிமை வாங்கின. அதற்கு 'டெர்மினேட்டர்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. கடும் எதிர்ப்பு வந்தது. 2000-இல் உயிரியல் பன்மய ஒப்பந்த நாடுகள் நிறுத்திவைக்கச் சொல்லின. அது கடைக்கு வரவேயில்லை.

தானியக் கிடங்கில் உணவுக்கென்று விற்கும் சோயாவை வாங்கி விதைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பவ்மன் என்ற விவசாயி இதையேதான் செய்தார். அங்கே பெரும்பாலான சோயா, மான்சான்டோ என்ற விதை நிறுவனம் காப்புரிமை வைத்திருந்த, களைக்கொல்லி தாங்கும் வகை என்பதால் கிடங்குத் தானியத்திலும் அதுவே அதிகம். விதைத்து, களைக்கொல்லி அடித்து, பிழைத்த செடிகளிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னார்கள். 84,456 டாலர் இழப்பீடு. வாங்கிய சோயாவை நீங்கள் தின்னலாம், விற்கலாம், மாட்டுக்குப் போடலாம். ஆனால் அதன் புது நகல்களை உண்டாக்கும் உரிமை விலையோடு வருவதில்லை. "விதை தானாகவே பெருகுகிறது, நான் என்ன செய்வேன்" என்ற வாதம் எடுபடவில்லை.

எனக்கு இன்னும் அந்த வாதத்தின் மேல் கொஞ்சம் பரிவு உண்டு. நகலெடுப்பதே விதையின் பிறவிக் குணம்.

பக்கத்து வயல் மகரந்தம் காற்றில் வந்து என் பயிரில் கலந்துவிட்டால்?

கனடா விவசாயி பெர்சி ஷ்மைசரின் வழக்கை எல்லோரும் சொல்வார்கள், பாதியைத்தான் சொல்வார்கள். மான்சான்டோவின் காப்புரிமை உள்ள, களைக்கொல்லி தாங்கும் கனோலா என்ற எண்ணெய் வித்து அவர் வயலுக்கு எப்படி வந்ததோ, பிரச்சினை அதுவல்ல. களைக்கொல்லி அடித்துப் பிழைத்த செடிகளின் விதையைச் சேர்த்து 1998-இல் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கரில் விதைத்தார். தெரிந்தே செய்தது என்பதால் 2004-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மீறல் என்றது. அந்த மரபணுவால் அவருக்குக் கூடுதல் லாபம் எதுவும் இல்லை என்பதால் பணம் கட்டச் சொல்லவில்லை. ஆகவே, தெரியாமல் கலந்ததற்கும் தெரிந்து பெருக்கியதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை நான் மற்ற விவசாயிகளுக்கு விற்கலாமா?

பல நாடுகளில் கூடாது. இந்தியாவின் 2001 ரகச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு தாராளமானது. சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். அந்த ரகத்தின் பெயரைப் பையில் அச்சிட்டு பிராண்டு விதையாக மட்டும் விற்கக் கூடாது. அப்படியிருந்தும் 2019-இல் பெப்சிகோ, தான் பதிவு செய்த உருளைக்கிழங்கைப் பயிரிட்டதாக குஜராத் விவசாயிகள் மேல் தலா ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது. சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் நோட்டீஸ் வரலாம்.

காலங்காலமாக நாங்கள் வைத்திருக்கும் ரகத்துக்கு வேறு யாராவது காப்புரிமை வாங்கிவிட்டால்?

நடந்திருக்கிறது. மெக்சிகோவில் வாங்கிய ஒரு பை மஞ்சள் பீன்ஸிலிருந்து தேர்ந்தெடுத்ததற்கு, ஓர் அமெரிக்கருக்கு 1999-இல் காப்புரிமை கிடைத்தது. 'எனோலா' என்று பெயர். மெக்சிகோவிலிருந்து வரும் மஞ்சள் பீன்ஸுக்கே அவர் பணம் கேட்டார். கொலம்பியாவில் உள்ள சியாட் ஆராய்ச்சி மையம் தன் விதை வங்கியில் இருந்த பழைய மாதிரிகளைக் காட்டி எதிர்த்தது. ரத்தாக 2009 ஆனது. பத்து வருஷம்! அந்த மாதிரிகள் மட்டும் பதிவில் இல்லாமல் இருந்திருந்தால்? உங்கள் ரகத்தின் பெயர், குணம், எத்தனை காலமாகப் பயிரிடுகிறீர்கள் என்பதை எழுதி எங்காவது பதிவு செய்துவையுங்கள்.

காப்புரிமைக் காலம் முடிந்தபின் தாராளமாக விதைக்கலாம்தானே?

அநேகமாக. மான்சான்டோவின் முதல் தலைமுறை களைக்கொல்லி தாங்கும் சோயாவுக்கு அமெரிக்காவில் 2015-இல் காலம் முடிந்தது. அதையொட்டி ஆர்கன்சா பல்கலைக்கழகம் அதே குணத்தோடு, விவசாயி எடுத்து வைக்கக்கூடிய ரகத்தை வெளியிட்டது. ஆனால் மரபணுவின் காலம் முடிந்தாலும் ரகத்துக்குத் தனியாகப் பாதுகாப்பு இருக்கலாம். பையைப் பிரித்ததும் தூக்கிப் போட்டுவிடாமல், பின்பக்கத்துப் பொடி எழுத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.