ஜானி டக்ளஸ் நல்ல கேப்டனா? பதில் புதுப் பந்தில் இருக்கிறது

கேள்வி: ஜே.டபிள்யூ.எச்.டி. டக்ளஸ் இங்கிலாந்து கேப்டனாக 18 டெஸ்ட் ஆடி 8 வெற்றி, 8 தோல்வி, 2 டிரா. இவரை நல்ல கேப்டன் என்று சொல்லலாமா? தன் அணியின் பந்துவீச்சாளர் சிட்னி பார்ன்ஸுக்குப் புதுப் பந்து கொடுக்காமல் தோற்றார் என்பது உண்மையா?

8-8 என்பதைப் பார்த்துவிட்டு "சுமாரான கேப்டன்" என்று முடிவுகட்ட வேண்டாம். அந்தக் கணக்கை முதல் உலகப் போரில் ஒரு கோடு போட்டுப் பிரித்துப் பாருங்கள். போருக்கு முன் 10 டெஸ்ட்: 8 வெற்றி, 1 தோல்வி, 1 டிரா. போருக்குப் பின் 8 டெஸ்ட்: 7 தோல்வி, 1 டிரா, பேருக்குக்கூட ஒரு வெற்றி இல்லை. ஆள் அதே ஆள்தான். அவர் யார் கையில் புதுப் பந்தைக் கொடுக்க முடிந்தது என்பதுதான் மாறியது.

போருக்கு முந்தைய அந்த ஒரே தோல்விதான் நீங்கள் கேட்கிற பார்ன்ஸ் கதை. கதை உண்மைதான்.

1911-12 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு எம்.சி.சி. (அன்று இங்கிலாந்தின் வெளிநாட்டுப் பயணங்களை நடத்திய கிளப்) அனுப்பிய கேப்டன் பெல்ஹாம் வார்னர். அடிலெய்டில் நடந்த முதல் ஆட்டத்தில் 151 அடித்தார், அதோடு நோயில் விழுந்தார், அந்தப் பயணத்தில் மறுபடி மட்டை பிடிக்கவில்லை. கேப்டன் பதவி டக்ளஸுக்கு வந்தது. அப்போது அவருக்கு 29 வயது. எஸெக்ஸ் கவுண்டிக்குக் கேப்டனாகி ஒரே சீசன்தான் ஆகியிருந்தது. அதைவிட முக்கியமாக, அதுவரை அவர் ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை. அணியில் ஹாப்ஸ், ரோட்ஸ், பார்ன்ஸ் என்று பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் சம்பளத்துக்கு ஆடும் புரொஃபஷனல்கள். இங்கிலாந்து கேப்டன் என்றால் சம்பளம் வாங்காத அமெச்சூராகத்தான் இருக்க வேண்டும் என்பது அன்றைய வழக்கம். அதனால் முதல் டெஸ்ட் ஆடப்போகிறவர் கேப்டன், 38 வயது பார்ன்ஸ் அவருக்குக் கீழே.

1911 டிசம்பரில் சிட்னி டெஸ்ட். ஆஸ்திரேலியா முதலில் ஆடியது. ஒரு முனையில் ஃபிராங்க் ஃபாஸ்டர் புதுப் பந்தோடு தொடங்கினார். மறுமுனையில் கேப்டன் தானே வந்து நின்றார். பார்ன்ஸ் முகம் சுளித்தார், அதை மறைக்கவும் இல்லை.

இதில் என்ன பெரிய தப்பு என்று தோன்றலாம். அன்றைய விதி தெரிந்தால் புரியும். இன்று 80 ஓவர் ஆனால் அடுத்த பந்து கேட்கலாம். அன்று எதிரணி 200 ரன் எடுத்தால்தான் அடுத்த புதுப் பந்து. அதாவது முதல் பந்தின் மினுமினுப்பை வீணாக்கினால், 200 ரன் கொடுத்துத்தான் அடுத்ததை வாங்க முடியும். அதுவும் ஆஸ்திரேலியாவில் டெஸ்ட்டுக்கு நாள் கணக்கு கிடையாது, முடிவு தெரியும்வரை ஆட்டம் நடக்கும். டிராவில் தப்பிக்கும் வழியே இல்லை.

அடுத்து, பார்ன்ஸ் வீசியது என்ன மாதிரிப் பந்து என்பது. வேகம் மிதவேகத்துக்குச் சற்று மேலே. மணிக்கட்டைச் சுழற்றாமல், ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் தையலைப் பிடித்து முறுக்கி விடுவார். புதுப் பந்து காற்றில் வலக்கை ஆட்டக்காரரின் உள்பக்கம் வளைந்து வரும், தரையில் பட்டதும் வெளிப்பக்கம் திரும்பிப் போகும். கால் உள்ளே போகும்போது பந்து வெளியே போனால் மட்டையின் விளிம்புதான் மிஞ்சும். பந்து பழசானால் தரையில் திரும்புவது இருக்கும், காற்றில் வளைவது போய்விடும். இரண்டு பூட்டில் ஒன்று கழன்ற கதைதான். டக்ளஸும் நல்ல ஸ்விங் பந்துவீச்சாளர், அவருக்கும் மினுமினுப்பு வேண்டும். ஒரே தட்டில் இருவர் கை வைத்ததுதான் சிக்கல்.

ஆஸ்திரேலியா 447 எடுத்தது. டிரம்பர் 113. பார்ன்ஸ் 107 ரன்னுக்கு 3 விக்கெட், இரண்டாம் இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு 1. கூக்ளி (லெக் ஸ்பின் போலத் தெரிந்து எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து) வீசிய ஆஸ்திரேலியாவின் ஹோர்டர்ன் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 12 விக்கெட் எடுக்க, இங்கிலாந்து 146 ரன்னில் தோற்றது. டக்ளஸ் சார்பாக ஒன்று சொல்ல வேண்டும்: இரண்டாம் இன்னிங்ஸில் அவர் 50 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார். பந்து வீசத் தெரியாத அமெச்சூர் பந்தைப் பிடுங்கிக்கொண்டார் என்று எழுதுவது அநியாயம். நல்ல பந்துவீச்சாளர், தன்னைவிட நல்லவருக்கு வழிவிடவில்லை. அவ்வளவுதான் தவறு.

பிறகு நடந்ததை வைத்துத்தான் அவரை மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி. நோய்ப்படுக்கையில் இருந்த வார்னரும் மூத்த ஆட்டக்காரர்களும் எடுத்துச் சொன்னார்கள் என்பார்கள். யார் சொன்னாலும், மெல்போர்னில் டிசம்பர் 30 அன்று புதுப் பந்து பார்ன்ஸ் கையில் இருந்தது.

முதல் பந்திலேயே பார்ட்ஸ்லி அவுட், பந்து காலில் பட்டு ஸ்டம்பில் விழுந்தது. கெல்லவே எல்.பி.டபிள்யூ. ஆஸ்திரேலிய கேப்டன் கிளெம் ஹில் போல்ட். ஆர்ம்ஸ்ட்ராங் விக்கெட் கீப்பர் ஸ்மித்திடம் கேட்ச். ஐந்து ஓவர், ஒரு ரன், நாலு விக்கெட். உணவு இடைவேளைக்குப் பிறகு மின்னெட்டும் போனார்: 11 ஓவர், 7 மெய்டன் (ரன்னே கொடுக்காத ஓவர்), 6 ரன், 5 விக்கெட். ஃபாஸ்டர் டிரம்பரை போல்ட் செய்ய, 38 ரன்னுக்கு 6 விக்கெட். நடுவில் பார்ன்ஸ் நிதானமாக ஃபீல்டிங் மாற்றிக்கொண்டிருக்க, ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். அவர் பந்தைக் கீழே போட்டுவிட்டுச் சத்தம் அடங்கும்வரை நின்றார். கேப்டன் அவரை அவசரப்படுத்தவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் அவரிடமிருந்து பந்தை எடுத்துக்கொண்ட அதே கேப்டன்.

இதே டெஸ்ட்டில் பலர் கவனிக்காத இன்னொரு மாற்றமும் உண்டு. கீப்பர் ஸ்ட்ரட்விக்கை எடுத்துவிட்டு 'டைகர்' ஸ்மித்தைச் சேர்த்தார்கள். ஃபாஸ்டர் இடக்கைப் பந்துவீச்சாளர், ரவுண்ட் த விக்கெட் வந்து, கால்பக்கம் கோணமாகப் பந்தைச் செலுத்தி, லெக் சைடில் கேட்ச் பிடிக்க ஆள் நிறுத்துவார். அந்தப் பந்துகள் ஆட்டக்காரரின் உடம்புக்குப் பின்னால் மறைந்து வரும், கீப்பருக்குக் கடைசி நொடியில்தான் தெரியும். வார்விக்‌ஷயரில் ஃபாஸ்டருக்கு வழக்கமாகக் கீப்பிங் செய்தவர் ஸ்மித். ஸ்ட்ரட்விக் மோசமான கீப்பர் என்பதால் அல்ல, ஸ்மித்துக்கு இந்தக் கை பழக்கம் என்பதால் நடந்த மாற்றம்.

இங்கிலாந்து 8 விக்கெட்டில் வென்றது, ஹாப்ஸ் 126 நாட் அவுட். அடிலெய்டில் 7 விக்கெட் வெற்றி. நாலாவது டெஸ்ட் மறுபடி மெல்போர்னில். டக்ளஸ் டாஸ் வென்று, ஆஸ்திரேலியாவை முதலில் ஆடச் சொன்னார். நாள் கணக்கில்லாத டெஸ்ட்டில் அது துணிச்சல்: கணிப்பு தப்பினால் தேய்ந்துபோன கடைசி நாள் ஆடுகளம் தன் தலையில் விழும். ஆஸ்திரேலியா 191. பிறகு ஹாப்ஸ் 178, ரோட்ஸ் 179, முதல் விக்கெட்டுக்கு 323. இன்னிங்ஸ் மற்றும் 225 ரன் வெற்றி. புதுப் பந்தை விட்டுக்கொடுத்த டக்ளஸ் அதே டெஸ்ட்டின் இரண்டாம் இன்னிங்ஸில் 46 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார், டெஸ்ட்டில் அவருடைய சிறந்த பந்துவீச்சு அதுதான். தொடர் 4-1. பார்ன்ஸ் 34 விக்கெட், ஃபாஸ்டர் 32.

எதிரணி கட்டுக்கோப்பாக இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தொடரின் நடுவே, அணித் தேர்வுக் கூட்டத்தில் கிளெம் ஹில்லும் இன்னொரு தேர்வாளர் பீட்டர் மெக்அலிஸ்டரும் கைகலந்து உருண்டார்கள். குத்துச்சண்டை வீரர் (டக்ளஸ்தான்) இருந்தது இங்கிலாந்து அணியில், குத்துச்சண்டை நடந்தது ஆஸ்திரேலியா பக்கம்.

1913-14 தென்னாப்பிரிக்கா பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாய் (மேட்டிங்) விரித்த ஆடுகளத்தில் பார்ன்ஸ் நாலே டெஸ்ட்டில் 49 விக்கெட், தொடர் 4-0. டர்பனில் டக்ளஸ் 119 அடித்தார், அவருடைய ஒரே டெஸ்ட் சதம். பார்ன்ஸ் இல்லாமல் ஆடிய ஐந்தாவது டெஸ்ட்டையும் இங்கிலாந்து வென்றது. "பார்ன்ஸ் இருந்ததால்தான்" என்பவர்களுக்கு இந்த ஒரு வெற்றி மட்டும் இடறும்.

போர் முடிந்து 1920-21-இல் மறுபடி ஆஸ்திரேலியா போனபோது கையில் என்ன இருந்தது? பார்ன்ஸ் இல்லை. ஃபாஸ்டர் போர்க்காலத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கியதோடு அவருடைய கிரிக்கெட் முடிந்திருந்தது. பந்துவீச்சாளர்கள் காலின் பிளைத்தும் மேஜர் பூத்தும் போரில் இறந்துவிட்டார்கள் ('மேஜர்' என்பது பூத்தின் பெயர், பதவி அல்ல). எதிரே ஆர்ம்ஸ்ட்ராங்கின் அணி: கிரெகரியின் வேகம், மெய்லியின் லெக் ஸ்பின். மெய்லி ஒரு டெஸ்ட்டில் பந்தே வீசாமல், மற்ற நாலில் 36 விக்கெட் எடுத்தார். 5-0. ஆஷஸில் ஒரு அணி ஐந்தையும் இழந்தது அதுவே முதல் முறை. ஆனால் மட்டையில் டக்ளஸ் சளைக்கவில்லை, அந்தத் தொடரில் அவர் சராசரி 39-க்கு மேல்.

அந்தத் தொடரைப் பற்றி மெய்லி பின்னாளில் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. மெய்லி விரலில் பிசின் தடவிப் பந்தைப் பிடிக்கிறார் என்று கண்டுபிடித்த டக்ளஸ், இது விதிக்குப் புறம்பு என்றாராம். மெய்லி டக்ளஸின் வலக்கையைக் காட்டச் சொன்னார். கட்டைவிரல் நகம் சதை தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது, பந்தின் தையலை நெம்பி நெம்பி, அதுவும் விதிக்குப் புறம்புதான்! டக்ளஸ் சிரித்துவிட்டார், பேச்சு அதோடு முடிந்தது.

1921-இல் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிடம் முதல் இரண்டு டெஸ்ட் தோற்க, கேப்டன் பதவி லயனல் டென்னிசனுக்குப் போனது. டக்ளஸ் முறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. மிச்ச மூன்று டெஸ்ட்டிலும் டென்னிசனுக்குக் கீழே ஆடினார். ஹெடிங்லியில் டென்னிசன் கையில் அடிபட்டு வெளியே போனபோது களத்தில் அணியை நடத்தியதும் அவர்தான், மட்டையில் 75. அதே ஆண்டு எஸெக்ஸுக்காக லேய்டனில் டெர்பிஷயருக்கு எதிராக 47 ரன்னுக்கு 9 விக்கெட், பிறகு 210 நாட் அவுட், ஒன்பதாவது விக்கெட்டுக்கு மட்டும் 251. அந்த வருடம் பதவி போனது, ஆட்டம் போகவில்லை. கேப்டனாகக் கடைசி டெஸ்ட் 1924 ஓல்ட் டிராஃபோர்டு. மழை கொட்டி டிரா. அதில் அறிமுகமான ஜாக் மக்பிரையன் மட்டையும் பிடிக்காமல் பந்தும் வீசாமல் போனார், வேறு டெஸ்ட் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

என் தீர்ப்பு: உத்தி வகுப்பதில் பெரிய மேதை இல்லை, நல்ல பந்துவீச்சு கையில் இருந்தால் அதை வெற்றியாக மாற்றத் தெரிந்தவர். ஒரே டெஸ்ட்டில் தன் தவறைத் திருத்திக்கொண்டது, அன்றைய அமெச்சூர் கேப்டன்களிடம் எளிதில் பார்க்க முடியாத குணம்.

பெயரைப் பற்றி ஒரு துணுக்கு. அவருடைய மந்தமான ஆட்டத்தைப் பார்த்து, ஆஸ்திரேலிய ரசிகர்கள் ஜே.டபிள்யூ.எச்.டி. என்ற நாலு முதலெழுத்துக்கு 'ஜானி வோன்ட் ஹிட் டுடே' என்று விரிவு கொடுத்தார்கள்: ஜானி இன்னிக்கு அடிக்க மாட்டான்.

குத்துச்சண்டை பற்றியும் யாராவது கேட்பார்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மிடில்வெயிட் தங்கம், இறுதிச் சுற்றில் ஆஸ்திரேலியாவின் ஸ்னோயி பேக்கரைப் புள்ளிக் கணக்கில் வென்றார். 'டக்ளஸின் அப்பாவே ரெஃப்ரீ' என்று பேக்கர் பிற்காலத்தில் சொன்னதை இன்னும் பகிர்கிறார்கள். உண்மையில், அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கத் தலைவர் என்ற முறையில் அப்பா வந்தது பதக்கம் கொடுக்க.

அந்த அப்பாவோடுதான் முடிவும் வந்தது. மர வியாபாரக் குடும்பம். 1930 டிசம்பர் 19, பின்லாந்திலிருந்து இருவரும் திரும்பிக்கொண்டிருந்த ஓபரான் கப்பல், டென்மார்க் அருகே பனிமூட்டத்தில் ஆர்க்டரஸ் என்ற இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. இரண்டு கப்பலின் கேப்டன்களும் அண்ணன் தம்பி. அப்பாவைக் காப்பாற்றப் போய் டக்ளஸும் மூழ்கினார் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். அவருக்கு வயது 48.