சென்டோஸ் 7-இல் போஸ்ட்கிரஸ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சென்டோஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்னும் அதன் மேல்தான் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் ஓடுகிறது என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். "உடனே மாறுங்கள்" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. பணம், ஆள், நிறுத்தவே முடியாத பழைய செயலி என்று உங்கள் காரணங்கள் எல்லாம் உண்மையானவை.

அண்ணா, மென்பொருள் நிறுவும் யம் கட்டளை எதைக் கொடுத்தாலும் மிரர்லிஸ்ட் கிடைக்கவில்லை என்கிறது. சர்வரில் கோளாறா?

உங்கள் சர்வரில் ஒன்றும் இல்லை. பேக்கேஜ் கிடைக்கும் சர்வர்களின் பட்டியலைத் தந்த அந்த முகவரியையே மூடிவிட்டார்கள். பழைய பேக்கேஜ்கள் சென்டோஸ் வால்ட் என்ற கிடங்கில் இருக்கின்றன. பேக்கேஜ் எங்கிருந்து வரும் என்று சொல்லும் ரெப்போ கோப்புகளில் மிரர்லிஸ்ட் வரியை கமெண்ட் ஆக்கிவிட்டு, பேஸ்யூஆர்எல் வரியை வால்ட் பக்கம் திருப்புங்கள். ஆனால் அங்கே இருப்பது உறைந்துபோன சரக்கு. புதுத் திருத்தம் எதுவும் வராது.

போஸ்ட்கிரஸ் 15 வைத்திருக்கிறோம். 16 பேக்கேஜ் எங்கே கிடைக்கும்?

சென்டோஸ் 7-உம் சேர்ந்த ரெட் ஹாட் 7 குடும்பத்துக்குப் போஸ்ட்கிரஸ் குழு கொடுத்த ஆர்பிஎம் பேக்கேஜ் 15-உடன் நின்றுவிட்டது. அதற்காகக் கவலை வேண்டாம், 15-க்கு 2027 நவம்பர் வரை திருத்தங்கள் சோர்ஸ் கோடாக வரும். சோர்ஸ் கோடை இறக்கி நீங்களே கம்பைல் செய்யலாம், சென்டோஸிலேயே இருக்கும் ஜிசிசி 4.8.5 கம்பைலர் போதும். முதலில் பிஜி_கான்ஃபிக் ஓட்டி, இப்போதைய பேக்கேஜ் எந்தெந்தத் தேர்வுகளோடு கட்டப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே தேர்வுகளோடு வேறு கோப்புறையில் கட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் என்னும் கூடுதல் வசதிகளையும் அங்கே கட்ட வேண்டும், இதைத்தான் பலர் மறக்கிறார்கள். 'மேக் செக்' சோதனை முழுதாகத் தேறாமல் உண்மையான டேட்டா பக்கம் போகாதீர்கள்.

எங்கள் சர்வருக்கு இணையமே கிடையாது. அப்புறம் எதற்குச் சின்னச் சின்னப் பதிப்புகள்?

இணையத் திருடனைத் தடுக்க மட்டும் அவை வருவதில்லை. 14.0 முதல் 14.3 வரை, கன்கரன்ட்லி முறையில், அதாவது டேபிளில் எழுதுவதை நிறுத்தாமல், இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) கட்டினால் அது பழுதாக வாய்ப்பிருந்தது. 2022 ஜூனில் வந்த 14.4-இல்தான் சரிசெய்தார்கள். இணையம் இல்லாத சர்வரிலும் அந்தப் பழுது வரும்.

ராக்கி லினக்ஸ் 9-க்கு மாறப்போகிறோம் சார். டேட்டா கோப்புறையை அப்படியே நகலெடுத்தால் போதுமா? இல்லை, ஸ்ட்ரீமிங் ரெப்ளிகா (மாற்றங்களை உடனுக்குடன் பெறும் நகல் சர்வர்) வைத்து மாற்றலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் உட்கார்ந்தேன்.

எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதைப் போஸ்ட்கிரஸ் வழக்கமாகத் தானே முடிவு செய்வதில்லை, சிஸ்டத்தின் ஜிலிப்சி நூலகத்திடம் கேட்கிறது. சென்டோஸ் 7-இல் இருப்பது ஜிலிப்சி 2.17. 2018-இல் வந்த 2.28-இல் வரிசை விதிகள் பெரிய அளவில் மாறின. '1-1', '11' இரண்டையும் ஆங்கில யூடிஎஃப்-8 லொக்கேலில் (மொழி அமைப்பில்) சார்ட் கட்டளைக்குக் கொடுத்துப் பாருங்கள். பழைய சிஸ்டத்தில் '11' முதலில் வரும், புதியதில் '1-1' முதலில் வரும்.

டெக்ஸ்ட் இண்டெக்ஸ் பழைய வரிசையில் டிஸ்க்கில் எழுதப்பட்டிருக்கும். புதிய சிஸ்டம் புதிய வரிசையை நம்பி அதில் தேடும். வரிசை ஒத்துப்போகாத இடத்தில், இருக்கும் வரியையே இல்லை என்று சொல்லிவிடும். எர்ரர் வராது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வாடிக்கையாளர் எண்களில் நடுவே கோடு உண்டு. யூனிக் இண்டெக்ஸ் இருந்தும் ஒரே எண் இரண்டு முறை பதிவாகிவிட்டது. மூன்று வாரம் கழித்து, பில் தொகை உதைத்தபோதுதான் தெரிந்தது. இரட்டைப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்த அந்த நாட்களை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே, முடிந்தால் பிஜி_டம்ப் கட்டளையால் டேட்டாவை வெளியே எடுத்துப் புதிய இடத்தில் ரீஸ்டோர் செய்யுங்கள். இண்டெக்ஸ் புதிதாகக் கட்டப்படும் என்பதால் இந்தச் சிக்கல் எழாது. டேட்டா மிகப் பெரியது என்றால், கோப்புகளாக அல்லாமல் வரிகளாக நகலெடுக்கும் லாஜிக்கல் ரெப்ளிகேஷன். கோப்புறையை நகலெடுத்தாலோ, ஸ்ட்ரீமிங் ரெப்ளிகாவை முதன்மையாக உயர்த்தினாலோ, டெக்ஸ்ட் இண்டெக்ஸ் எல்லாவற்றையும் ரீஇண்டெக்ஸ் செய்த பிறகே பயனாளர்களை உள்ளே விடுங்கள். டெக்ஸ்ட் நெடுவரிசையை வைத்து ரேஞ்ச் பார்ட்டிஷன் பிரித்திருந்தால் அதையும் பாருங்கள். 'சி' கொலேஷன் (பைட் மதிப்பை மட்டும் பார்க்கும் வரிசை) வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சந்தேகம் இருந்தால் ஏஎம்செக் எக்ஸ்டென்ஷன் பழுதான இண்டெக்ஸைக் காட்டிக்கொடுக்கும்.

டாக்கர் கன்டெய்னரில் போட்டுவிட்டால் இதெல்லாம் தீருமா?

கன்டெய்னர் தனக்கான ஜிலிப்சியைத் தானே கொண்டுவருகிறது, கர்னலை மட்டும்தான் கடன் வாங்குகிறது. பழைய கோப்புறையை அதற்குள் மவுன்ட் செய்தால் மேலே சொன்ன அதே ஆபத்து. டெபியன் இமேஜிலிருந்து ஆல்பைன் இமேஜுக்கு அதே வால்யூமோடு தாவவே தாவாதீர்கள், ஆல்பைனில் இருப்பது மஸ்ல் என்ற வேறு நூலகம். டாக்கர் 20.10.10-க்கு முந்தையது என்றால் புதிய இமேஜ்கள் திரெட் உருவாக்க முடியாமல் விழலாம். முதலில் டாக்கரைப் புதுப்பியுங்கள்.

டேட்டாபேஸை மட்டும் புதிய சர்வருக்கு மாற்றிவிட்டோம். சென்டோஸ் 7-இல் இருக்கும் பழைய செயலி, 'அத்தென்டிகேஷன் மெத்தட் 10 நாட் சப்போர்ட்டட்' என்கிறது. பாஸ்வேர்டு சரிதான்.

சென்டோஸ் 7-உடன் வந்த லிப்பிக்யூ, அதாவது செயலி போஸ்ட்கிரஸோடு பேசும் நூலகம், பதிப்பு 9.2. அந்த 'மெத்தட் 10' ஸ்கிராம் என்ற பாஸ்வேர்டு சரிபார்ப்பு முறை. அது வந்ததோ 2017-இல், பதிப்பு 10-இல். 14 முதல் அதுவே இயல்பு. செயலி இருக்கும் கணினியில் 10 அல்லது அதற்குப் புதிய லிப்பிக்யூவைப் போட்டு, செயலி அதைத்தான் எடுத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். அதற்கு வழியே இல்லையென்றால், பாஸ்வேர்டு_என்க்ரிப்ஷனை உங்கள் செஷனில் மட்டும் பழைய முறையான எம்டி5 ஆக்கி, அந்த ஒரு பயனருக்கு மட்டும் பாஸ்வேர்டை மறுபடி வையுங்கள். யார் உள்ளே வரலாம் என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ கோப்பிலும் அந்தப் பயனருக்கு, அந்த ஐபிக்கு மட்டும் எம்டி5 வரி ஒன்றைப் பொது வரிகளுக்கு மேலே சேருங்கள். முதலில் பொருந்தும் வரியைத்தான் போஸ்ட்கிரஸ் எடுத்துக்கொள்ளும். சேர்த்த பிறகு ரீலோட் போதும், ரீஸ்டார்ட் தேவையில்லை.