பெக்கோ லீவரில் இருக்கும் அந்தச் சின்னப் பட்டன்

மண்சரிவுக் காலம் வந்தாலே பெக்கோ (முன்னே மண் அள்ளும் பக்கெட்டும் பின்னே தோண்டும் கையும் உள்ள மெஷின்) பற்றிய கேள்விகளும் கூடிவிடும். இந்த முறை வந்தவற்றில் டிரான்ஸ்மிஷனை, அதாவது இஞ்சின் பலம் சக்கரத்துக்குப் போகும் வழியைத் துண்டிக்கும் பட்டன், பெடல் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முன் பக்கெட்டை இயக்கும் லோடர் லீவரின் தலையில் ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமுக்காமலேதான் வேலை செய்கிறேன். அது எதற்கு? (தலவாக்கலை)

இஞ்சினின் பலம் இரண்டு பக்கம் போகிறது. ஒரு பங்கு டோர்க் கன்வெர்ட்டர் (ஒயில் மூலம் பலத்தைக் கடத்தும் பாகம்), கியர்பொக்ஸ் வழியாகச் சக்கரத்துக்கு. இன்னொரு பங்கு ஹைட்ரோலிக் பம்புக்கு. மண்மேட்டில் பக்கெட்டைக் குத்தியதும் மெஷின் முன்னே போக முடியாமல் நிற்கும். ஆனால் நீங்கள் அக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பீர்கள். அப்போது கன்வெர்ட்டருக்குள் ஒயில் சும்மா கடைபட்டுச் சூடேறும், டயர் சேற்றில் சுழன்று தேயும், பக்கெட்டைத் தூக்கப் பலம் போதாமல் இஞ்சின் முக்கும்.

அந்தப் பட்டனை அமுக்கினால் கியர்பொக்ஸில் இருக்கும், மின்சாரத்தில் இயங்கும் சொலினொய்ட் வால்வ் கிளட்ச் தட்டுகளுக்குப் போகும் ஒயில் அழுத்தத்தை விட்டுவிடும். லொறியில் கிளட்ச் மிதித்தது போலத்தான். சக்கரம் விடுபடும், இஞ்சின் பலம் பம்புக்குக் கிடைக்கும், பக்கெட் சட்டென்று எழும்பும். விரலை எடுத்தால் மறுபடி கியர் பிடிக்கும். அதனால் இஞ்சினை உறுமவிட்டபடி விரலை எடுக்காதீர்கள். அக்சிலேட்டரைக் குறைத்துவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் மெஷின் குதிக்கும்.

எப்போது அமுக்குவது என்பதில்தான் கைப்பழக்கம். மேட்டுக்குள் நுழையும்போது தள்ளுவிசை வேண்டும், அப்போது அமுக்கக் கூடாது. பக்கெட் பாதி உள்ளே போய், மேல்நோக்கித் திருப்பத் தொடங்கும் நேரம் அமுக்குங்கள். சமதரையில் மட்டும். சரிவில் அமுக்கினால் மெஷின் தானாக உருளும்.

நுவரெலியாவிலிருந்து ரம்பொடைப் பக்கம் இறங்கும்போது பட்டனை அமுக்கிப் பிடித்தால் டீசல் மிச்சம் என்கிறார் கூட வேலை செய்யும் அண்ணன். சரியா? (நானுஓயா)

சரியே இல்லை. அண்ணனிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். பட்டனை அமுக்கினால் மெஷின் நியூட்ரலில் ஓடுவதாகத்தான் அர்த்தம். இஞ்சின் பிடித்து இழுக்காது, முழுப் பாரமும் பிரேக்கில் விழும். ஏழெட்டு டன் மெஷின் அந்த வளைவுகளில் இறங்கினால் பிரேக் சூடேறி, பிடி தளர்ந்துவிடும். கன்வெர்ட்டர் உள்ள மெஷினில் இஞ்சின் பிடிப்பு கையால் போடும் கியர் லொறி அளவுக்கு இருக்காது. இருப்பதையும் துண்டித்துவிட்டால் என்ன மிஞ்சும்?

இன்னொன்று. பல பெக்கோக்களில் கியர் லீவரிலும் ஒரு பட்டன் உண்டு, கியர் மாற்றும்போது அமுக்குவதற்கு. இறக்கத்தின் நடுவில் அதை அமுக்கிக் கியரைக் குறைக்கப் பார்த்து, அது விழாமல் போனால் மெஷின் உங்கள் கையில் இல்லை. இறக்கம் தொடங்கும் முன்பே மெஷினை நிறுத்தி, சின்னக் கியரைப் போட்டுவிட்டு இறங்குங்கள். இடது, வலது பிரேக் பெடல்கள் இரண்டையும் கொண்டியால் பூட்டியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ரோட்டில் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் மெஷின் சுற்றிவிடும்.

கல்குவாரியில் வீல் லோடர் ஓட்டுகிறேன். இடது பிரேக்கை மிதித்ததும் சில நேரம் பின்னால் வழுக்குகிறது. பிரேக் பழுதா? (பண்டாரவளை)

பிரேக் பழுதாக இருக்காது என்றே நினைக்கிறேன், ஆனாலும் மெக்கானிக் பாஸிடம் காட்டிவிடுங்கள். பல லோடர்களில் இடது பெடல் பிரேக்கையும் பிடிக்கும், டிரான்ஸ்மிஷனையும் துண்டிக்கும். ஏற்றத்தில் லொறிக்குக் கல் போடும்போது, பிரேக் முழுதாகப் பிடிக்கும் முன்பே கியர் விடுபட்டால் மெஷின் பின்னால் போகத்தான் செய்யும். டேஷ்போர்டில் இந்தத் துண்டிப்பை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று இருக்கும். சரிவில் அதை நிறுத்தி வையுங்கள், சமதரைக்கு வந்ததும் போடுங்கள். சரிவிலேயே வலது பெடலைப் பாவித்தாலும் போதும், பெரும்பாலும் அது பிரேக்கை மட்டும்தான் பிடிக்கும்.

இரவெல்லாம் மழையில் நின்ற பெக்கோ, காலையில் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் முன்னேயும் போகவில்லை, பின்னேயும் போகவில்லை. (ஹட்டன்)

முதலில் ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதிலுள்ள சுவிட்ச் ஒட்டிக்கொண்டால், பிரேக் போட்டிருப்பதாக நினைத்து மெஷின் கியரைத் துண்டித்தே வைத்திருக்கும். அப்புறம் பியூஸ்.

இரண்டும் சரியென்றால் பக்கெட்டைத் தரையில் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். இஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டு, முன்-பின் லீவரை அசைத்துக் காது கொடுங்கள். கியர்பொக்ஸ் பக்கம் ‘டிக்’ சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் மின்சாரம் போகிறது, கியர் ஒயில் அளவைப் பாருங்கள். கேட்காவிட்டால் லீவரின் அடியில் இருக்கும் ரப்பர் உறையைக் கழற்றுங்கள். நாள் முழுக்க வளைந்து வளைந்து வயர் அறுவது அங்கேதான். பட்டனுக்குள் தண்ணீரும் சேறும் புகுந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு.

தயவுசெய்து வயரை முறுக்கிப் பட்டனை இல்லாமல் ஆக்கிவிடாதீர்கள். அன்றைக்கு மெஷின் ஓடும். கியர் லீவர் பட்டனாக இருந்தால், துண்டிக்காமலே கியர் மாற்றி மாற்றி உள்ளே கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் சின்க்ரோ வளையங்கள் தேய்ந்துவிடும். பட்டனின் விலை எங்கே, கியர்பொக்ஸ் இறக்கும் செலவு எங்கே!

பேட்டரி இறங்கிவிட்டால் பெக்கோவைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா? (கொட்டகலை)

முடியாது. இஞ்சின் ஓடினால்தான் கியர்பொக்ஸ் பம்பு ஓடும், பம்பு ஓடினால்தான் கிளட்ச் பிடிக்கும். இஞ்சின் நின்றால் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும், ஆகவே சரிவில் உருட்டவே உருட்டாதீர்கள். வேறு பேட்டரியிலிருந்து வயர் கொடுங்கள்.