கடன்ல முங்குற கம்பெனிய தூக்கி நிறுத்துற வேலை: கேள்வி பதில்

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் கடன்ல மாட்டின தோல், ஷூ கம்பெனிங்கள மறுசீரமைக்கிறது தான் என் தொழில். ராத்திரி வரைக்கும் இருப்பேன், கேளுங்க.

காட்பாடி மாணவி: பி.காம் முடிச்சிட்டேன்ணா, இந்த வேலைக்கு என்ன படிக்கணும்?

லைசென்ஸ் வேற, வேலை வேற மா. 2016 திவால் சட்டத்துல ரெசல்யூஷன் ப்ரொபஷனல் (திவால் கேஸ்ல கம்பெனிய பொறுப்பெடுத்து நடத்துற ஆள்) ஆகணும்னா சிஏ, சிஎஸ் (கம்பெனி செக்ரட்டரி), காஸ்ட் அக்கவுண்டன்ட், வக்கீலுக்கு 10 வருஷ அனுபவம், வெறும் டிகிரின்னா மேனேஜ்மெண்ட்ல 15 வருஷம், அப்புறம் திவால் வாரியமான ஐபிபிஐ பரீட்சை. நீ முதல்ல ஒரு பேக்டரி அக்கவுண்ட்ஸ்லயோ பேங்க் கிரெடிட்லயோ போய் உக்காரு. டேனரிக்குள்ள (தோல் பதனிடுற பேக்டரி) போனா எம்.டி ரூமுக்கு கடைசியா தான் போவேன், முதல்ல குடோன். வெட் ப்ளூ (குரோம் போட்டு பாதி பதனிட்ட ஈரத் தோல்) அடுக்குல மேல இருக்கிறத விட்டுட்டு அடித்தோல உருவிப் பாக்கணும், பூஞ்சை பூத்து கறை ஏறியிருந்தா மாசக்கணக்கா கிடக்குதுன்னு அர்த்தம், ஆனா புக்ல முழு விலைக்கு ஸ்டாக்னு நிக்கும், அத நம்பி தான் பேங்க் சிசி லிமிட் (ஸ்டாக் மேல எடுத்துக்கிற கடன் வரம்பு) கொடுத்திருக்கும். அப்புறம் 13 வாரத்துக்கு வாரா வாரம் எவ்ளோ காசு வரும், எவ்ளோ போவும்னு ஒரு ஷீட். லாப நஷ்டக் கணக்கெல்லாம் அதுக்கு அப்புறம் தான்.

ஆம்பூர் பாய்: ரெண்டு தவணை நிக்குது, பேங்க்ல இருந்து ஃபோன் மேல ஃபோன்.

பாய், ஃபோன எடுங்க, ஓடி ஒளியாதீங்க. 90 நாள் தாண்டினா என்பிஏ, அதாவது வாராக்கடன். 25 கோடி வரைக்கும் லிமிட் இருக்கிற சிறு, குறு, நடுத்தர யூனிட்டுக்கு பேங்க்லயே மறுவாழ்வு கமிட்டி இருக்கு, 2015 மே மாச அறிவிப்பு, பார்ட்னர்ஷிப்புக்கும் உண்டு. நீங்களே அபிடவிட்டோட எழுதிக் கேக்கலாம். ஆனா என்பிஏ ஆகறதுக்கு முன்னாடியே கேக்கணும்னு 2024ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. உதயம் சர்டிபிகேட்ட (சிறு, குறு, நடுத்தர யூனிட்னு அரசு தர்ற பதிவு) சேத்து நாளைக்கே கொடுத்து சீல் போட்ட காப்பி வாங்கிடுங்க. இன்னொன்னு, சும்மா ஒரு கையெழுத்து தான்னு சொல்லி வீட்டம்மா பேர்ல கேரண்டி கேப்பாங்க, போடாதீங்க.

வாணியம்பாடி: எனக்கும் மூணு மாசம் ஆவப்போவுது சார், என்ன பண்ண?

பாய்க்கு சொன்னது தான், இன்னிக்கே எழுதுங்க. வீட்டம்மா கையெழுத்து வேணாம்.

குடியாத்தம்: ஜிஎஸ்டி ரீஃபண்ட் நிக்குது.

ஆடிட்டர கேளுங்க.

பேர்ணாம்பட்டு தோழர்: நீங்க உள்ள வந்தாலே முதல்ல ஆள தான தூக்குவீங்க?

தூக்குறவங்க இருக்காங்க தோழர், அந்த கோவம் நியாயம் தான். ஆனா டேனரி கணக்க பிரிச்சுப் பாருங்க, பெரும் பணம் பச்சத்தோல்லயும் கெமிக்கல்லயும் போவுது, கூலில இல்ல. தோல சீவி கனத்த சமன் பண்ற ஷேவிங் மிஷின்ல நிக்கிற கை தேர்ந்த ஆள அனுப்பிட்டா கனம் ஏறுமாறா வரும், பையர் ரிஜெக்ட் பண்ணுவான், மிச்சம் புடிச்ச கூலி அங்கேயே போயிடும். அதனால ஆள்ல கை வெக்கிறது கடைசி தான்.

பெரியமேடு வியாபாரி: கம்பெனி மூடினா கூலிக்காரங்களுக்கு தான் முன்னுரிமை, கடனுக்கு தோல் கொடுத்த எங்க கதி?

பேர்ணாம்பட்டு தோழர்: உங்களுக்கு நாலு பார்ட்டி இருக்கும், எங்களுக்கு ஒரே கேட்டு தான் பாய்.

தோழர் பக்கம் தான் நான். கம்பெனிய கலைக்கிற நிலைமை வந்தா தொழிலாளிங்களோட 24 மாச பாக்கி, அடமானம் வாங்கின பேங்க்கோட சரிசமமா நிக்கும், பிஎஃப், கிராஜுவிட்டி பணம் பங்கு போடுற சொத்துலயே சேராது. அது உழைச்ச காசு, அப்படித்தான் இருக்கணும். வியாபாரி பாய், நீங்க வரிசைல பின்னாடி, உங்களுக்கு வலிக்கும்னு தெரியும். 45 நாள்ல பணம் தரணும்னு இருக்கிற சட்டமும் உற்பத்தி, சர்வீஸ் யூனிட்டுக்கு தான், உதயம் இருந்தாலும் வியாபாரிக்கு ஒதவாது. அதனால பழைய பில் நிக்கிறப்ப புது லோடு ஏத்தாதீங்க.

மேல்விஷாரம்: தவணை நிக்குது, என்ன...

மேல படிங்க தம்பி, மூணாவது தடவ எழுத முடியல.

வேலூர் அக்கா: நான் ஏற்கனவே கேரண்டி போட்டுட்டேன், வீட்டு மேல 60 நாள் நோட்டீஸ் வந்துருக்கு.

அக்கா, பயந்து பீரோல வெச்சிடாதீங்க. 60 நாளுக்குள்ள ஆட்சேபணைய எழுத்துல கொடுங்க, பேங்க் 15 நாள்ல பதில் சொல்லியே ஆகணும். அதையும் மீறி பொசஷன் எடுத்தா (வீட்ட கைப்பத்தினா) 45 நாளுக்குள்ள சென்னை டிஆர்டில, அதாவது கடன் வசூல் தீர்ப்பாயத்துல, மனு போடலாம். நோட்டீஸ் கைக்கு வந்த தேதிய கவர் மேலயே எழுதி வெச்சுட்டு, கடன் பத்திர காப்பியோட நாளைக்கு காலைல வக்கீல பாருங்க.