அப்பத்தா சொல்லும் கதையும் ஐம்பத்திரண்டில் இருபத்தேழும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. என் மகள் இங்கே அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒன்றரை ஷிப்ட் முடித்து நான் வீட்டுக்கு வர இரவு ஒன்பது மணி ஆகிவிடும். அதுவரை அவளைப் பார்த்துக்கொள்வது என் மாமியார். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும்.

எங்கள் காலத்தில் முதல் வகுப்பிலேயே 247 எழுத்தையும் மனப்பாடமாகச் சொல்வோம். இவள் சின்னச் சின்ன வாக்கியங்களை வாசிக்கிறாள், ஆனால் ஙகர வரிசையைச் சொல்லச் சொன்னால் முழிக்கிறாள். பள்ளியில் பாட்டு, கதை, பொம்மலாட்டம் என்றே போகிறது. டீச்சரைக் கேட்டால் "மொட்டு நிலையில் இருக்கிறாள்" என்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் மலராம். 52-இல் 27 போனால் 35 என்கிறாள். எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் அதே 35. போன வாரம் கோபத்தில் அடித்துவிட்டேன். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இத்தனைக்கும் அவள் அப்பத்தா சொல்லும் கதையில் ஓர் இடம் மாறினால்கூடக் கண்டுபிடித்துவிடுகிறாள். அந்தப் புத்தி பாடத்தில் மட்டும் வரவில்லை. டியூஷனுக்கு அனுப்பலாமா? படிக்காத வீட்டில் பிறந்த பிள்ளைக்கு நாங்கள் என்னதான் செய்ய முடியும்?

இரண்டு வருடமாக உங்கள் கட்டுரைகளை மொபைலில் படித்துவரும்
ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் எனக்கு ஒப்புதல் இல்லாத சொல் ஒன்றே ஒன்றுதான்: "படிக்காத வீடு". நாள் முழுக்கத் துணியில் ஓட்டையும் கறையும் தையல் பிசகும் தேடி, நல்லதையும் கழிவையும் பிரித்து, கட்டுக் கட்டாக எண்ணிக் கணக்கு ஒப்படைக்கும் ஒருவர் இருக்கும் வீடு அது. வாய்க்கணக்காகவும் வாய்க்கதையாகவும் ஒரு வாழ்நாளையே நடத்திய ஒருவரும் அங்கே இருக்கிறார். உங்கள் மகளுக்கு இந்த வயதில் வேண்டியதில் பெரும்பகுதி அந்த வீட்டிலேயே இருக்கிறது.

முதலில் அந்த மொட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உங்களை அதிகம் வருத்தியிருப்பது அதுதான் என்று தோன்றுகிறது. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. வகுப்பறையையே பார்க்காத பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2022 ஜூன் மாதம் திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருள் புரிந்து வாசிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பது அதன் இலக்கு. ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு முதலில் வந்தது, பிறகு நான்கு, ஐந்துக்கும் போனது. ஒரே அறையில் எழுத்தே தெரியாத பிள்ளையும் சரளமாக வாசிக்கும் பிள்ளையும் இருக்கும்போது ஒரே பாடத்தை நடத்தினால் இருவருக்குமே பயனில்லை. அதனால் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து அவரவர் இருக்கும் இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். மலர் என்பது அந்த வகுப்புக்கு உரிய நிலை, அரும்பு தொடக்க நிலை, மொட்டு இரண்டுக்கும் நடுவில். டீச்சர் தனக்காகப் போட்டுக்கொள்ளும் அடையாளம் அது, ரேங்க் இல்லை. பிள்ளை முன்னேறினால் நிலையும் மாறும். தயவுசெய்து பக்கத்து வீட்டுப் பையனின் பெயரை அவள் காதுபட எடுக்காதீர்கள்.

அடுத்தது ஙகர வரிசை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், 'ஙா' என்ற எழுத்தை நீங்கள் கடைசியாக எந்தச் சொல்லில் பார்த்தீர்கள்? 'ங்' எங்கும் இருக்கிறது, மாங்காயிலும் தேங்காயிலும் இருக்கிறது. அதை விட்டால் அங்ஙனம், இங்ஙனம் என்று பழைய நடையில் வரும் ஓரிரு சொற்கள்தான். அந்த வரிசையின் மற்ற எழுத்துகள் வாய்ப்பாட்டில் இருக்கின்றனவே தவிர, குழந்தை படிக்கும் எந்தச் சொல்லிலும் இல்லை. நாம் 247-ஐயும் ராகம் போட்டு ஒப்பித்தோம், உண்மை. என்னுடன் படித்தவர்களில் வரிசை பிசகாமல் ஒப்பித்துவிட்டு, ஒரு சொல்லைக் காட்டினால் வாய் மூடி நின்றவர்கள் பலர். அவர்களில் சிலர் அதே வகுப்போடு பள்ளியைவிட்டும் போனார்கள். ஒப்பிப்பது ஒரு திறமை, வாசிப்பது வேறொரு திறமை. இன்றைய வகுப்பில் ட, ப, ம போன்ற எளிய வடிவ எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்து அவற்றைக் கொண்டே படம், மடம், பட்டம் என்று உடனே வாசிக்க வைக்கிறார்கள். எழுத்தைக் கற்ற அன்றே அதனால் ஒரு சொல்லைப் பிடிக்க முடிகிறது என்று தெரிந்த பிள்ளைக்கு அடுத்த எழுத்தின்மேல் ஆசை வருகிறது.

உண்மையாகவே தடுமாறும் இடங்கள் வேறு, அங்கேதான் அவளுக்கு உங்கள் பொறுமை வேண்டும். 'கெ' என்பதில் ககரத்தின் ஒலி முன்னால் வருகிறது, எகரத்தின் ஒலி பின்னால் வருகிறது. ஆனால் எழுதும்போது கொம்பு முதலில் வந்து நிற்கிறது. 'கொ' என்றால் கொம்பு இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம். கண் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருக்கும்போது மனம் மட்டும் ஒரு எட்டு முன்னே போய்த் திரும்பி வர வேண்டும். உகர வரிசை இன்னும் கடினம். கு, சு, டு, து, பு, ரு, இவற்றை வரிசையாக எழுதிப் பாருங்கள், ககரத்துக்கு வளையும் கோடு பகரத்துக்கு அப்படி வளைவதில்லை. நமக்குப் பழகிவிட்டதால் தெரிவதில்லை. எட்டு வயதில் இங்கே தடுமாறுவது இயல்பு. ஒரே எழுத்தை நூறு முறை எழுத வைப்பதைவிட ஒரே எழுத்தை நூறு இடத்தில் பார்க்க வைப்பது மேல். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் 'திருப்பூர்' என்ற ஒரு பெயரிலேயே ருவும் பூவும் இருக்கின்றன. ரேஷன் கடைப் பலகை, சோப்பு உறை, சுவரொட்டி, எதுவும் ஆகும். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகும் வழியில் "இன்றைக்கு பூ எங்கெல்லாம் இருக்கிறது, தேடு" என்று சொல்லுங்கள், போதும்.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்புகிற விஷயத்துக்கு வருகிறேன்.

2022-இல் எங்கள் தெருவில், பள்ளி முடிந்தபின் தன்னார்வலர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வி மையம் நடந்தது, அங்கே மாலை நேரத்தில் நானும் உதவிக்குப் போவேன். அங்கே ஒரு பையன், இரண்டாம் வகுப்பு. "மழை வந்தது" என்று எழுதியிருந்த அட்டையைப் பார்த்து "மழை வந்துச்சு" என்று வாசித்தான். "ஒழுங்காகப் பார்த்து வாசி" என்றேன். மறுபடி பார்த்தான், மறுபடியும் வந்துச்சு. மூன்றாம் முறை நான் திருத்தியபோது அட்டையைக் கீழே வைத்துவிட்டான். அன்று மாலை முழுவதும் அவன் எதையும் வாசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் எழுத்துகளைப் பார்த்தான், பொருளைப் புரிந்துகொண்டான், அந்தப் பொருளை அவன் வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அப்படிச் சொன்னான். வாசிப்பு என்பது அதுதானே? எழுத்துக்கூட்டி "வ-ந்-த-து" என்று சொல்லிவிட்டு என்ன அர்த்தம் என்று தெரியாமல் நிற்கும் பிள்ளையைவிட இவன் எவ்வளவோ தூரம் வந்துவிட்டான். நான் அவனைத் தண்டித்திருந்தேன். மறுநாள் அவனிடம், "நீ சொன்னது சரிதான், வீட்டில் நாம் வந்துச்சு என்போம், புத்தகம் வந்தது என்று சொல்லும்" என்றேன். அவன் சிரித்துவிட்டு, "புத்தகம் வேற மாதிரி பேசும்" என்றான். அதற்குப் பிறகு அந்தச் சிக்கலே அவனுக்கு வரவில்லை.

தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் கடக்க வேண்டிய பாலம் இது. வீட்டுப் பேச்சு ஒன்று, புத்தகத் தமிழ் ஒன்று. உங்கள் மகளுக்கோ வீட்டில் சிவகங்கைப் பேச்சு, தெருவில் கொங்குப் பேச்சு, பாடத்தில் எழுத்துத் தமிழ். மூன்றையும் இந்த வயதில் அவள் சுமக்கிறாள் என்பதை நினைத்துப் பாருங்கள். "அப்படிப் பேசாதே, ஒழுங்காகப் பேசு" என்று வீட்டுப் பேச்சை வெட்டிவிட்டால் அவள் நிற்கும் கரையே இல்லாமல் போய்விடும். அந்தப் பேச்சு எவ்வளவு வளமாக இருக்கிறதோ அவ்வளவு எளிதாகப் புத்தகத் தமிழ் அதன்மேல் ஏறும்.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்த அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். அப்பத்தா கதையில் ஓர் இடம் மாறினால் அவள் கண்டுபிடிக்கிறாள். தங்கையே, அந்தப் புத்திதான் பாடம். ஒரு கதையை முழுதாக மனத்தில் வைத்திருப்பது, எதற்குப் பின் எது வரும் என்று எதிர்பார்ப்பது, ஒரு சொல் மாறினால் பொருள் மாறுவதை உணர்வது, இவை இல்லாமல் எழுத்துகள் தெரிந்து பயன் இல்லை. அவளுக்கு இவை மூன்றும் இருக்கின்றன. கொடுத்தது உங்கள் மாமியார். பள்ளியில் கதையும் பொம்மலாட்டமும் நடப்பதும் இதற்காகத்தான், பொழுதுபோக்குக்காக இல்லை. ஒன்பது மணிக்கு நீங்கள் வந்து சாப்பிட உட்காரும்போது, "இன்றைக்கு என்ன படித்தாய்?" என்று கேட்காதீர்கள், "பாடம்" என்றுதான் பதில் வரும். "இன்றைக்கு டீச்சர் என்ன கதை சொன்னார்?" என்று கேளுங்கள். அவள் சொல்லும்போது "அப்புறம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருங்கள். பத்து நிமிடம் போதும். நீங்கள் களைத்திருப்பது தெரியும், அதனால்தான் பத்து நிமிடம் என்கிறேன்.

இனி அந்த 35. அவள் போட்டது தவறான விடைதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போட்ட விடை இல்லை. 52-க்குக் கீழே 27. இரண்டில் ஏழு போகாது, ஆகவே ஏழில் இரண்டைக் கழித்தாள், ஐந்து. ஐந்தில் இரண்டு போக மூன்று. முப்பத்தைந்து. "பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி" என்று யாரோ எப்போதோ சொன்னதை அவள் விசுவாசமாகப் பின்பற்றியிருக்கிறாள். நாம் "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சொல்லிக்கொடுப்போம். எதைக் கடன் வாங்குவது, ஒன்று வாங்கினால் அது எப்படிப் பத்தாகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

விளக்குமாற்றிலிருந்து ஐம்பத்திரண்டு ஈர்க்குச்சிகளை உருவி ஒடித்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டால் ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு. "எனக்கு இருபத்தேழு குச்சி கொடு" என்று கேளுங்கள். கட்டை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லாதீர்கள். இரண்டு கட்டுகளைக் கொடுத்துவிடுவாள். ஏழு உதிரிக்கு அவளிடம் இரண்டுதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் விழிப்பாள், அந்த நேரத்தில் வாய் திறக்காமல் இருப்பதுதான் உங்கள் வேலை. எப்படியும் ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றுவாள். பன்னிரண்டு உதிரியிலிருந்து ஏழைக் கொடுத்துவிட்டுப் பார்த்தால் இரண்டு கட்டும் ஐந்து குச்சியும் மீதி இருக்கும். அதைத் தன் கையால் இரண்டு மூன்று முறை செய்த பிறகு காகிதத்துக்குப் போங்கள். உங்கள் கம்பெனியில் உதிரி பீஸ் குறைந்தால் கட்டைப் பிரிப்பதில்லையா, அதே கணக்குதான். அதை அவளிடம் சொல்லுங்கள், அம்மா செய்யும் வேலையும் தன் கணக்கும் ஒன்று என்று அவள் தெரிந்துகொள்ளட்டும்.

எண்ணும்போது எண்பத்தொன்பதுக்குப் பிறகு அவள் தயங்கினால் அதையும் மன்னியுங்கள். இருபது, முப்பது, நாற்பது என்று 'பது' போட்டு வந்துகொண்டிருந்த தமிழ், அங்கே திடீரென்று தொண்ணூறு என்று நூறைக் கொண்டுவந்துவிடுகிறது. நூற்று ஐந்தை 1005 என்று எழுதினாலும் அப்படித்தான், காதில் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறாள். அப்பத்தாவோடு தாயமும் பல்லாங்குழியும் விளையாடட்டும், எண்ணுவதும் கூட்டுவதும் பங்கிடுவதும் அதில் தானாக வரும்.

டியூஷன் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். எட்டு வயதுப் பிள்ளைக்கு மாலையில் இன்னொரு பெஞ்சும் இன்னொரு அதட்டலும் தேவை இல்லை. நான் பார்த்த பல டியூஷன்களில் நோட்டு நிரம்புகிறது, தலை நிரம்புவதில்லை. அந்தப் பணத்தில் மாதம் ஒரு கதைப் புத்தகம் வாங்குங்கள். அவள் வாசிக்கும்போது பக்கத்தில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தால் போதும், கேட்பவருக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. அப்பத்தா கேட்கலாம்.

அடித்ததைப் பற்றி நீங்களே வருந்திவிட்டீர்கள், நான் மேலே ஒன்றும் சொல்லப்போவதில்லை. பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே தடுக்கிறது. பயந்த பிள்ளைக்குத் தெரிந்த கணக்கும் மறந்துபோகும் என்பதை நாம் இருவருமே நம் பள்ளி நாட்களில் பார்த்திருக்கிறோம். அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். குழந்தைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள். புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் வைத்துப் படிக்கிறாளா, கூப்பிட்டால் ஒரே பக்கம் திரும்புகிறாளா என்று கவனியுங்கள், அப்படி இருந்தால் டீச்சரிடம் சொல்லிப் பரிசோதிக்க வேண்டும். அந்த டீச்சரைப் பார்க்க ஒரு நாள் ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டுப் போய்வாருங்கள். "என் பிள்ளை நன்றாகப் படிக்கிறாளா?" என்று கேட்டால் "படிக்கிறாள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். "மலருக்குப் போக அவளுக்கு இன்னும் எது வர வேண்டும்?" என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அதே கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. எட்டாம் வகுப்புப் படித்தவர் அங்கே பேசக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

அப்பத்தா சொல்லும் அந்தக் கதை என்ன என்று நீங்கள் எழுதவில்லை. அவர் சொல்லச் சொல்ல உங்கள் மகள் தன் கையால் ஒரு தாளில் எழுதட்டும், வந்துச்சு என்று எழுதினாலும் சரி, கொம்பு இடம் மாறினாலும் சரி. திருத்தாமல் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எனக்கு அந்தக் கதையைப் படிக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா